கன்னியம்மாவைக் கேட்கவும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். முதுகில் பை, கண்ணில் தூக்கம்.

"கன்னியம்மா வூடு இதானுங்களா?"

"இதான். இன்னா, ஓட்டர் லிஸ்டா? நான் உயிரோடதான் இருக்கேன், எழுதிக்க."

"அதில்ல ஆயா. நான் உங்க கம்பெனி. டெஸ்ட் இன்ஜினியர். பேரு நிவேதா."

நான் வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. பி.எஃப். எல்லாம் முடிந்துவிட்டது. இன்ஜினியர் என்னைத் தேடி கரியமாணிக்கம் வரை எதற்கு வரவேண்டும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கீரையை ஒதுக்கிவிட்டு அவளை உட்கார வைத்தேன்.

அவள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் திறந்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. கம்பெனியில் போர்டு டெஸ்ட் பண்ணுகிற எங்கள் பெஞ்சில் ஓடின ப்ரோகிராம். எழுத்தே இருக்காது. சின்னச் சின்ன டப்பாக்கள், ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்குக் கலர் கலராகக் கம்பிகள். இருபது வருஷம் பார்த்த முகம் அது. அவள் ஒரு மூலையைப் பெரிதாக்கிக் காட்டினாள். ஒரு கம்பியின் பக்கத்தில் மஞ்சள் கட்டம், அதற்குள் இங்கிலீஷ் எழுத்து.

"படிக்கட்டுமா ஆயா? தமிழ்தான், இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருக்காங்க. 'இந்தக் கம்பியை எடுக்கும் முன் கன்னியம்மாவைக் கேட்கவும்.'"

அப்படி ஒரு சீட்டு அதற்குள் இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. என் பெயர் ரேஷன் கார்டில் தப்பாக இருக்கிறது, பேங்க் புத்தகத்தில் வேறு மாதிரி தப்பாக இருக்கிறது. ஒரு மெஷினுக்குள் மட்டும் சரியாக இருக்கிறது.

நிவேதா விஷயத்தைச் சொன்னாள். கம்பெனியில் எல்லா பெஞ்சையும் படத்திலிருந்து எழுத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டார்களாம். படத்தில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுத்தில் எழுதிக்கொண்டே வந்திருக்கிறாள். இந்தக் கம்பியில் வந்து நின்றுவிட்டாள். அதில் எண் எதுவும் போகவில்லை, எதையும் கொண்டுவரவில்லை. வேலையில்லாத கம்பி என்று விடப்போனவள் சீட்டைப் பார்த்துவிட்டு, யார் இந்தக் கன்னியம்மா என்று லைனில் கேட்டிருக்கிறாள்.

"இந்தக் கம்பி எதுக்கு ஆயா?"

அன்று அவளுக்குப் பாதி சொன்னேன். அவள் அதைத் தன் இன்ஜினியர் குழுவில் போய்ச் சொல்ல, அவர்கள் குழுவின் ஆண்டு மலரில் போட எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நான் அஞ்சாங்கிளாஸ். அதுவும் அஞ்சாவது மாசம் வரைக்கும்தான். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். மீதிப் பாதியும் இதில் வரும்.

*

எங்கள் கம்பெனி வில்லியனூர் பக்கம். மோட்டார் ஸ்டார்ட்டருக்குள் போகும் போர்டு செய்வது. போர் மோட்டார் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டால் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், கொஞ்ச நேரத்தில் உள்ளே இருக்கும் காயில் கருகிவிடும். ஒரு ஃபேஸ் போனதும் மோட்டாரை நிறுத்துவது இந்தப் போர்டின் வேலை. நிறுத்துகிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை.

நாற்று நட்டுக்கொண்டிருந்தவள் கம்பெனி பஸ்ஸில் ஏறின கதை பெரிசில்லை. பஸ் வந்தது, ஏறினேன். முதலில் கம்பி முறுக்கினேன், அப்புறம் சோல்டர் வைத்தேன், ரெண்டு வருஷத்தில் டெஸ்ட் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அப்போது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும். நடுவில் நின்றுவிட்டால் எது நின்றது என்று தெரியாது. கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், இன்ஜினியர் வருவார்.

பிறகு தணிகாசலம் சார் வந்தார். கறுப்புத் திரையைத் தூக்கிப்போட்டுவிட்டு இந்தப் படத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். திட்டமாட்டார். நாம் ஒரு ரீடிங்கைக் கொண்டுபோய் நீட்டினால் பார்ப்பார், கண்ணாடியைக் கழற்றுவார், சட்டை முனையில் துடைப்பார், "மறுபடி" என்பார். மறுபடி எடுத்துக்கொண்டு போனால் அதற்கும் "மறுபடி". மூன்று தடவை ஒரே எண் வந்தால்தான் நம்புவார். லைனில் அவருக்குப் பெயர் மறுபடி சார். பெயர் வைத்தது யார் என்று நான் சொல்லமாட்டேன்.

ரெண்டு விஷயத்தில் அவருக்குப் பிடிவாதம். ஒன்று, ப்ரோகிராம் முழுக்க ஒரே திரையில் அடங்கவேண்டும். இழுத்து இழுத்துப் பார்க்கிற மாதிரி இருந்தால் அது படமே இல்லை என்பார். இன்னொன்று, ஒரு கம்பி மேல் இன்னொரு கம்பி குறுக்கே போகக்கூடாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் தூங்க, அவர் மௌஸைப் பிடித்துக்கொண்டு கம்பியை நகர்த்தி நகர்த்தி நேராக்குவார். மணிக்கட்டில் பட்டை கட்டியிருப்பார். டாக்டர் மௌஸைத் தொடாதே என்றாராம். இவர் இடது கைக்கு மாறிக்கொண்டார்.

அந்தப் படத்தை லேமினேட் செய்து ஒவ்வொரு பெஞ்சிலும் ஒட்டிவைத்தார். மேனேஜர் சிரித்தார். "அவங்களுக்கு எதுக்கு சார் இது? பச்சை வந்தா பாஸ், சிவப்பு வந்தா ஃபெயில்."

சார் சொன்னார்: "கையில புடிச்சிருக்கிற மெஷின் இன்னா பண்ணுதுன்னு அவங்களுக்குத் தெரியணும்."

பல்பு மாதிரி ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் ப்ரோகிராம் மெதுவாக ஓடும். கம்பிகளில் சின்ன உருண்டைகள் ஊர்ந்துபோகும். ஒரு டப்பாவுக்குள் எல்லா உருண்டையும் வந்துசேர்ந்தால்தான் அந்த டப்பா வேலை செய்யும், ஒன்று பாக்கி இருந்தால்கூடக் காத்திருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது சாப்பிடப் போகாமல் நின்றேன். மெஷின் எங்கே நிற்கிறது, எதற்காகக் காத்திருக்கிறது என்பது எனக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு ஏதாவது நின்றால் நான் கையைத் தூக்கினதில்லை. "சார், மூணாவது டப்பா மீட்டருக்காக நிக்குது" என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லுவேன்.

இதை நிவேதாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "எங்க குழுவுல இதுக்குத்தான் ஆயா தினம் சண்டை" என்று போனை எடுத்து வாசித்தாள்.

ஒருத்தர் எழுதியிருக்கிறார், படம் போடுவது ப்ரோகிராமே இல்லை, பிள்ளை விளையாட்டு என்று. இன்னொருத்தர், நீ எழுத்தில் ஒரு வாரம் எழுதுவதை நான் படத்தில் மத்தியானத்துக்குள் முடித்து மீட்டரோடு ஓடவிடுவேன் என்று. ஒருத்தர், சின்னதாக இருக்கும்வரை அழகு, பெரிசானால் இடியாப்பம் என்று. அதற்கு ஒருத்தர், எழுத்திலும் இடியாப்பம் பிழியலாம், பிழிகிற கையைப் பொறுத்தது என்று. இன்னொருத்தர் பத்து வருஷம் படத்திலேயே இருந்துவிட்டு இப்போது வேறு வேலைக்குப் போனால் எழுத்துத் தெரியுமா என்று கேட்கிறார்களே என்று அழுதிருக்கிறார்.

"நீ எந்தக் கட்சி?" என்றேன்.

"எழுத்து. ஏன்னா ஆயா, நேத்து இருந்ததுக்கும் இன்னிக்கு இருக்கிறதுக்கும் இன்னா வித்தியாசம்னு எழுத்துல வரி வரியாக் காட்டும். யாரு மாத்துனாங்க, எப்ப மாத்துனாங்க, எல்லாம். படத்துல அது லேசுல முடியாது. ரெண்டு படத்தைப் பக்கத்துல வெச்சி நாமதான் கண்ணால தேடணும்."

"கண்ணு இருக்குதுல்ல?"

"உங்களுக்கு இருக்குது. கம்ப்யூட்டருக்கு இல்ல."

அது சரிதான். கம்பி காணாமல் போன கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

*

எங்கள் ஃபேஸ் டெஸ்ட் படத்தில் ரெண்டு வரிசை டப்பா. மேல் வரிசை போர்டை ஸ்டார்ட் பண்ணும், அப்புறம் ஒரு ஃபேஸைப் பிடுங்கும். கீழ் வரிசை, போர்டு அணைந்துவிட்டதா என்று பார்க்கும். அணைந்திருந்தால் பச்சை. மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்கு ஒரே ஒரு கம்பி. அது மற்ற மூன்று கம்பியைக் குறுக்கே தாண்டி இறங்கும். சாரின் படத்திலேயே குறுக்கே போவது அது ஒன்றுதான். முதல் வருஷம் அவசரத்தில் போட்டது.

ஒருநாள் வேறு ஊர்க் கம்பெனிக்காரர்கள் சாரின் பெஞ்சுகளைப் பார்க்க வரப்போவதாகச் சொன்னார்கள். சார் துணியை வைத்துத் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்கலாம் இல்லையா. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"சார், எல்லாம் நல்லாத்தான் இருக்குது. இந்த ஒரு கம்பிதான், கல்யாணப் பந்தியில எல்லார் இலையையும் தாண்டிக்கினு போறவனாட்டம் போவுது."

பக்கத்துப் பெஞ்சுகளில் எல்லோரும் சிரித்தார்கள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுவாரம் ரெண்டாம் பெஞ்சில் புதுப் படம் ஓடியது. ஒரு கம்பிகூடக் குறுக்கே இல்லை. பந்திக்காரனைக் காணோம். முதலில் ஒரு பெஞ்சில் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றதில் போடலாம் என்றார் சார். என்னுடைய மூன்றாம் பெஞ்சில் பழைய படமே இருந்தது. நான் அதைப் பற்றி அப்புறம் நினைக்கவேயில்லை.

ரெண்டாம் பெஞ்சில் அமலா. முழுப் பெயர் அமலோற்பவம், செலியமேட்டுக்காரி. கான்ட்ராக்டில் ஆறு வருஷம் ஓட்டிவிட்டாள். அந்த மாதம் பர்மனென்ட் லெட்டர் வரவேண்டும். அதற்காகவே அவள் ஒரு வருஷம் லீவு போடாமல் வந்தாள். புதுப் படம் வந்ததிலிருந்து அவள் பெஞ்சில் ரிஜெக்ட் குறைந்துபோனது. மேனேஜர் லைன் மீட்டிங்கில் கை தட்டச் சொன்னார். தட்டினோம்.

ரெண்டு மாதம் கழித்து வெளியிலிருந்து போர்டுகள் திரும்பி வந்தன. பதினொன்று. ஃபேஸ் போனபோது நிறுத்தவில்லை, மோட்டார் கருகிவிட்டது. டெஸ்ட் செய்கிற ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர் உண்டு, பாஸ் ஆன போர்டில் அந்த நம்பர் முத்திரை குத்துவோம். பதினொன்றிலும் ஒன்பதாம் நம்பர் முத்திரை. அது அமலாவின் நம்பர்.

டெஸ்ட் லைனில் ஒரு திருட்டு உண்டு. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். நல்ல போர்டு ஒன்றை ஜிக் என்கிற தாங்கியில் வைத்துவிட்டு, அதை எடுக்காமலே அடுத்தடுத்த போர்டின் பார்கோடை மட்டும் அடிப்பது. மெஷின் ஒரே போர்டைத்தான் பார்க்கும், பாஸ் ஆவது பத்து. டார்கெட் முடியாத நாளில் நடக்கும். நான் செய்ததே இல்லை என்று சத்தியம் பண்ணச் சொன்னால் எனக்கு அப்போது பார்த்து இருமல் வரும்.

மேனேஜர் அதைத்தான் நினைத்தார். ரிஜெக்ட் குறைந்ததற்குக் கை தட்டினவரே அதைச் சாட்சியாக வைத்தார். ஒரு வெள்ளிக்கிழமை அமலாவைக் கூப்பிட்டு, தப்பு செய்தேன், நானாகவே நின்றுகொள்கிறேன் என்று திங்கட்கிழமைக்குள் எழுதிக்கொடு, இல்லாவிட்டால் காரணம் போட்டு அனுப்புவேன் என்று சொல்லிவிட்டார். காரணம் போட்டு அனுப்பினால் வேறு எந்தக் கம்பெனியும் எடுக்காது.

பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அழவில்லை.

"நீ அப்பிடிச் செஞ்சியாடி?"

"இல்லக்கா."

"ஒரு நாளு கூடவா?"

"நான் பயந்தாங்கொள்ளிக்கா. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். அவள் டீக்கு ரெண்டு நிமிஷம் லேட்டாக வந்தாலே மூன்று பேரிடம் மன்னிப்புக் கேட்பாள்.

*

சனிக்கிழமை அவளைப் பெஞ்சைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டதால் சூப்பர்வைசர் என்னை ரெண்டாம் பெஞ்சில் உட்காரச் சொன்னார். அன்றைக்கு மாசாந்திர கரண்ட் நிறுத்தம். கம்ப்யூட்டரும் பெஞ்சும் யு.பி.எஸ்ஸில் ஓடும், கம்ப்ரஸரும் ஃபேனும் ஓடாது. வியர்வை ஊற்றும், ஆனால் லைன் அமைதியாக இருக்கும். மற்ற நாளில் கம்ப்ரஸர் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் கத்தினால்தான் கேட்கும்.

போர்டை ஜிக்கில் வைத்து அமுக்கினேன். பச்சை வந்தது. அதற்குப் பிறகு போர்டிலிருக்கும் ரிலே ஸ்விட்ச் "டக்" என்றது. கொஞ்சம் கழித்து இன்னொரு "டக்".

எடுத்து ட்ரேயில் வைத்துவிட்டேன். அடுத்த போர்டுக்குக் கை போனபோது எனக்கு என்னவோ போல இருந்தது. என் பெஞ்சில் டக், டக், அதன் பிறகு பச்சை. ஸ்டார்ட் ஆவது ஒரு டக், அணைவது ஒரு டக், அணைந்ததைப் பார்த்துவிட்டுப் பச்சை. இங்கே பச்சை எதைப் பார்த்துவிட்டு வந்தது?

ஒவ்வொரு பெஞ்சிலும் டிராயரில் ஒரு செத்த போர்டு இருக்கும். ஃபேஸ் போனாலும் நிறுத்தாத போர்டு. காலையில் அதை வைத்துச் சிவப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கவேண்டும், அது சாரின் சட்டம். காலையில் எனக்குச் சிவப்புதான் வந்தது. மறுபடி எடுத்து வைத்தேன். சிவப்பு. மறுபடி. சிவப்பு. மறுபடி. சிவப்பு. சாரின் கணக்குப்படி மூன்று தடவை ஒரே மாதிரி வந்தால் நிறுத்திவிடலாம். எனக்கு மனசு கேட்கவில்லை. இன்னொரு தடவை வைத்தேன்.

பச்சை. அப்புறம் ஒரு டக். ரெண்டாவது டக் வரவேயில்லை.

சாரைக் கூப்பிட்டேன். செத்த போர்டை வைத்து வைத்துக் காட்டினேன். ஆறாவது தடவை பச்சை வந்தது. சார் கண்ணாடியைக் கழற்றினார். "மறுபடி."

மறுபடியும் வந்தது.

படத்தைத் திறந்து பல்பை அமுக்கினார். உருண்டைகள் ஊர்ந்தன. மேல் வரிசை முதலில், கீழ் வரிசை பிறகு. சிவப்பு. பத்துத் தடவை பல்பில் ஓட்டினார், பத்தும் சரி. பல்பை அணைத்தார், நாலாவது தடவை பச்சை.

"நான் பாத்துக்கினு இருந்தா ஒழுங்கா ஓடுது" என்றார் மெதுவாக. "பாக்காதப்ப ஏமாத்துது."

"நம்ம லைன் ஆளுங்களாட்டமே இருக்குது சார்."

அவர் சிரிக்கவில்லை. நான் போய் என் பெஞ்சில் ஒட்டியிருந்த லேமினேட் படத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தேன். திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கம்பியாக விரலை வைத்துக்கொண்டே போனேன். எனக்கு அந்தப் படத்தை மேலிருந்து கீழே சொல்லத் தெரியும், கீழிருந்து மேலும் தெரியும். மேல் வரிசை முடிகிற இடத்தில் என் விரல் கீழே இறங்கியது. திரையில் இறங்க வழியில்லை.

"சார், பந்திக்காரனைக் காணோம்."

சார் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, "அதுல ஒண்ணுமே போகல, கன்னியம்மா" என்றார். "எந்த நம்பரும் போகல. சும்மா இருந்துச்சி."

எனக்குக் குழாயடி ஞாபகம் வந்தது. பஞ்சாயத்துத் தண்ணீர் வருவதற்கு முன்னால் வரிசையில் குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். காலிக் குடம். அதில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் அதை யாராவது எடுத்து நகர்த்தினால் அன்றைக்குத் தெருவே நாறிவிடும்.

"காலிக் கொடம் சார் அது. நீ முன்ன, நான் பின்னன்னு சொல்ல வெச்சது."

சொன்னதும் அவருக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. அவரே வைத்த குடம். கம்பியால் சேர்க்காத ரெண்டு வரிசையில் எது முன்னால் ஓடும் என்று அந்த மெஷினுக்கு ஒரு நியாயமும் கிடையாது. மேலே வரைந்திருப்பதால் மேலே இருப்பது முதலில் ஓடும் என்று நம் கண் நம்பிவிடுகிறது. கீழ் வரிசை முந்திக்கொண்டால் போர்டு இன்னும் ஸ்டார்ட் ஆகியிருக்காது, அணைந்தே இருக்கும். அணைந்துவிட்டது, பாஸ் என்று பச்சையைக் கொடுத்துவிடும்.

சார் மௌஸை எடுத்து அந்தக் கம்பியை மறுபடி இழுத்தார். மூன்று கம்பியைத் தாண்டி அசிங்கமாக இறங்கியது. சேமித்தார். செத்த போர்டை வைத்தோம். முப்பது தடவை. முப்பதும் சிவப்பு.

சார் நாற்காலியில் சாய்ந்தார். லைனில் யாரும் எங்களைப் பார்க்கவில்லை. படத்தில் கம்பி இருக்கிறது. நேற்று இல்லை என்பதை இனிமேல் யாரும் கண்டுபிடிக்க முடியாது. அப்படியே எழுந்துபோனால் அவருக்கு ஒன்றும் ஆகாது. அமலா திங்கட்கிழமை எழுதிக்கொடுத்துவிட்டுப் போவாள், அதற்குப் பிறகு போர்டு திரும்பி வராது. அவள் போனதால்தான் சரியானது என்று எல்லோரும் சொல்லுவார்கள்.

அது என் புத்திக்கு வந்தது. அவர் புத்திக்கு வராமல் இருந்திருக்காது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"சார், கம்பி வந்துடுச்சி. அமலா வருவாளா?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு பெஞ்சு ரிஜிஸ்டரை எடுத்து, பேனாவால், கம்பியை எடுத்தது நான், தேதி இன்னது, பதினொரு போர்டும் இதனால் போனது, ஆபரேட்டர் மேல் தவறில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். கதவு சாத்திக்கொண்டது. அவருக்கு அந்த வருஷம் வரவேண்டிய பதவி வரவில்லை. அமலாவுக்கு லெட்டர் ரெண்டு மாதம் தள்ளி வந்தது.

ஏன் எடுத்தேன் என்று மட்டும் சார் எழுதவில்லை. நானும் சொல்லவில்லை. லைன் முழுக்க எனக்கு மரியாதை கூடிவிட்டது, கன்னியம்மா கண்ணு கம்ப்யூட்டர் கண்ணு என்றார்கள். அமலா அவள் ஊர்த் திருவிழாவுக்கு என்னைக் கூப்பிட்டு இலை நிறைய வைத்தாள். சாப்பிட்டேன். பந்தியில் யாரும் இலையைத் தாண்டிப் போகவில்லை.

*

நிவேதாவிடம் அந்த ஞாயிற்றுக்கிழமை, கம்பி வரிசைக்காக வைத்தது, எடுத்தால் செத்த போர்டு பாஸ் ஆகும் என்பதுவரை சொன்னேன். என் கிண்டலைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவளுக்குச் சந்தோஷம்.

"பாத்தீங்களா ஆயா? இதுக்குத்தான் எழுத்துன்றது. மேல எழுதுன வரி முதல்ல ஓடும். அப்பிடியே ஒரு வரி எடுத்தாலும் யாரு எடுத்தான்னு காட்டிக் குடுத்துரும்."

"அப்போ எழுத்துல இந்தக் கோளாறே வராதா?"

அவள் நேர்மையான பெண். யோசித்தாள். "வரும். ரெண்டு வேலைய ஒரே நேரத்துல ஓட வுட்டா அங்கயும் வரும்."

"எழுத்தா இருந்திருந்தா நான் விரலை வெச்சிக் கண்டுபிடிச்சிருப்பனா?"

"தெரியல ஆயா" என்றாள். எனக்கும் தெரியவில்லை. இப்போதும் தெரியாமல்தான் கேட்கிறேன். உங்கள் குழுவில் யாருக்காவது தெரிந்தால் நிவேதாவிடம் சொல்லியனுப்புங்கள்.

"இன்னொண்ணு கேக்கறேன். யாரு, எப்போன்னு காட்டும்னியே. ஏன்னு காட்டுமா?"

"காட்டும். மாத்தும்போது எதுக்கு மாத்துனோம்னு ஒரு வரி எழுதித்தான் வெக்கணும்."

அன்று ராத்திரி கீரைக் குழம்பில் உப்பை ரெண்டு தடவை போட்டேன். சார் காலத்தில் அப்படி ஒரு வரி கட்டாயமாக இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்?

அடுத்த ஞாயிறு நிவேதா மறுபடி வந்தாள். பின்னால் அமலா உட்கார்ந்திருந்தாள். இப்போது அவள்தான் லைன் லீடர். புது எழுத்து ப்ரோகிராமில் அந்த இடத்தில் ஒரு குறிப்பு எழுதவேண்டும், பழைய சீட்டில் இருந்த மாதிரியே யாரைக் கேட்கவேண்டும் என்று போடலாமா என்று நிவேதா கேட்டாள்.

"எம்பேரு வேணாம்" என்றேன். "நான் இன்னும் எத்தினி நாளு கீரை உருவப் போறேன். அமலா பேரைப் போடு."

"அப்போ அவங்களுக்கு முழுக் கதையும் தெரிஞ்சிருக்கணும் ஆயா. யாராச்சும் கேட்டா சொல்லணுமில்ல?"

மாட்டிக்கொண்டேன். அமலா என்னையே பார்த்தாள்.

"அமலா," என்றேன், "அந்தக் கம்பிய சார் தானா எடுக்கலடி. நான்தான் பந்தி, இலைன்னு கிண்டல் பண்ணேன். அந்த மனுஷன் ரோஷத்துல எடுத்துட்டாரு. உன் வேலை போவ இருந்தது என் வாயால."

அவள் ட்ரேயில் இருந்த முருங்கைக் குச்சி ஒன்றை எடுத்து ஒடித்தாள்.

"தெரியும்க்கா."

"இன்னாடி தெரியும்?"

"நீ சொன்னப்ப முதல்ல சிரிச்சதே நான்தானே. ரெண்டாம் பெஞ்சு பக்கத்துலதான இருந்தேன். அந்தத் திங்கக்கிழமை சார் எங்கிட்ட வந்து சொன்னாரு, 'எடுத்தது என் கை. கன்னியம்மா பேச்சைக் கேட்டு எடுத்தேன்னு ரிஜிஸ்டர்ல எழுத மாட்டேன். ஆனா எங்கயாச்சும் எழுதி வெப்பேன்'னு. எங்க எழுதுனாருன்னு இந்தப் பொண்ணு வந்து கேட்டப்பதான் எனக்கே தெரிஞ்சிது."

"இத்தினி வருஷமா ஏண்டி எங்கிட்டக் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். பஸ்ஸுல தினம் பக்கத்துலதான் உக்காந்தேன்."

எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டில் அது நடந்தது அதுதான் முதல் தடவை என்று மருமகள் எழுதும்போதே சொல்கிறாள்.

நிவேதா லேப்டாப்பில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "அப்போ போடவா? 'இந்த வரியை எடுக்கும் முன் அமலாவைக் கேட்கவும்.'"

"போடு" என்றாள் அமலா. "கீழ இன்னொரு வரி போடும்மா. 'கன்னியம்மா சொன்னாள் என்று எடுக்க வேண்டாம்.'"